எட்டு வயல், ஒரு மடை

ஒரே நேரத்தில் பல ஏ.ஐ. ஏஜென்ட்களை வேலைக்கு விடும் கருவிகள் மாதம் ஒன்றாக முளைக்கின்றன. எதை எடுப்பது? புளியறையில் உட்கார்ந்து கோட் எழுதும் ஒருவரின் கணக்கு.

புளியறைக்காரனுக்கு வரிசை புதிதல்ல. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மலை ஏறுவதற்கு முன் கடைசியாக மூச்சு வாங்கும் ஊர் இது. வைக்கோல், காய்கறி, சிமெண்ட், எம்-சாண்ட் என்று இந்த வழியாகக் கேரளாவுக்குப் போகிற எதுவும் எங்கள் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்துவிட்டால், வருகிற வண்டிகளின் டயருக்கு மருந்தடிக்க ஆள் நிற்பார்கள். வரிசை மெல்ல மலைப்பாதையின் எஸ் வளைவில் ஏறி நிற்கும். லாரி எவ்வளவு வேகமாக வந்தது என்பது அங்கே கணக்கில் வராது. மருந்தடிக்கிற கை எத்தனை என்பதுதான் கணக்கு.

போன ஆனியில் அப்படி ஒரு வரிசை என் வீட்டுக்குள்ளேயே நின்றது. வெளியே சாரல். மேஜைமேல் லேப்டாப். திரையில் ஐந்து கறுப்பு ஜன்னல்கள். ஐந்திலும் ஒவ்வோர் ஏ.ஐ. ஏஜென்ட் கொடுத்த வேலையை முடித்துவிட்டு, பார்த்துச் சொல்லும்படி காத்துக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டிய ஆள் நான் ஒருவன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவன் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எழுந்தேன். ஐந்தில் இரண்டைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. ஒன்று பாதி சரி. மிச்சம் இரண்டையும் நானே கையால் எழுதியிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்திருக்கும்.

சென்னையில் பதினாறு வருடம் கோட் எழுதிவிட்டு, 2020 ஊரடங்கில் ஊருக்கு வந்தவன் நான்; திரும்பிப் போகவில்லை. என்னிடம் அடிக்கடி வருகிற பகவதிபுரத்துத் தம்பி ஒருவன் அன்று சாயங்காலம் வந்தான். கல்லூரி முடித்து இரண்டு வருடம். வீட்டிலிருந்தே வேலை. வந்ததும் வராததுமாகக் கேட்டான்: "அண்ணாச்சி, கண்டக்டர் நல்லாருக்கா, வைப் கான்பன் நல்லாருக்கா? எதுல போட்டா எட்டு ஏஜென்ட் ஒண்ணா ஓடும்?"

இரண்டும் பல ஏஜென்ட்களை ஒன்றாக மேய்க்கிற கருவிகள். என் ஐந்து ஜன்னலைக் காட்டினேன். "இத முதல்ல பாரு. அப்புறம் எட்டப் பத்திப் பேசுவோம்."

அந்தப் பேச்சின் நீட்சிதான் இந்தக் கட்டுரை.

ஏஜென்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கேள்வி கேட்டால் பதில் சொல்கிற சாட்பாட் வேறு, இது வேறு. 'பில் அடிக்கிற பக்கத்தில் தள்ளுபடி சேர்த்துக் கொடு' என்று சொன்னால், ஏஜென்ட் கோப்புகளைத் தானே திறந்து படிக்கும், மாற்றும், ஓட்டிப் பார்க்கும், பிழை வந்தால் தானே திருத்தும். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் கோட் 2025 பிப்ரவரியில் வந்தது. ஓப்பன் ஏ.ஐ.யின் கோடெக்ஸ் கருவி ஏப்ரலில், கூகுளின் ஜெமினி சி.எல்.ஐ. ஜூனில். ஒரு வேலைக்கு அவை இருபது நிமிடமும் எடுக்கும், ஒரு மணி நேரமும் எடுக்கும். அதுவரை நாம் என்ன செய்வது? டீ குடிக்கலாம். இரண்டு நாள் குடிப்போம். மூன்றாம் நாள் இன்னொரு ஜன்னலைத் திறந்து இன்னொரு ஏஜென்டுக்கு இன்னொரு வேலை கொடுப்போம். இந்தக் கருவிச் சந்தை முழுவதும் அந்த மூன்றாம் நாளில் பிறந்ததுதான்.

வரப்பும் மடையும்

இரண்டு ஏஜென்ட்களை ஒரே ஃபோல்டருக்குள் விட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒன்று எழுதியதை மற்றது 'இது என்ன தேவையில்லாமல்' என்று அழிக்கும். அழிந்ததைப் பார்த்து முதலாவது மறுபடி எழுதும். இரண்டும் தங்கள் வேலையைக் கர்மசிரத்தையாகச் செய்துகொண்டிருக்கும். நாம்தான் தலையில் கை வைக்க வேண்டும்.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய கிட், கோடில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் கணக்குப்பிள்ளை. 2015 ஜூலையில் வந்த அதன் 2.5 பதிப்பில் 'வொர்க்ட்ரீ' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரே களஞ்சியத்திலிருந்து பல ஃபோல்டர்களை விரிக்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனிக் கிளையில் நிற்கும். அதிகம் பேர் சீண்டாமல் கிடந்த வசதி. பத்து வருடம் கழித்து ஏஜென்ட்கள் வந்து அதைத் தேடி எடுத்தன. இன்று இந்தச் சந்தையில் விற்கிற கருவிகளில் பெரும்பாலானவற்றின் முதுகெலும்பு இந்த வொர்க்ட்ரீதான். மேலே பூசியிருக்கும் வண்ணம்தான் வேறு.

வொர்க்ட்ரீயைக் கண்டுபிடித்த வாரம் எனக்கு எட்டு வயலுக்குச் சொந்தக்காரனான மிதப்பு. ஆளுக்கொரு வயல், நடுவில் வரப்பு, யார் நாற்றும் யார் காலிலும் மிதிபடாது. மிதப்பு நான்கு நாள் நீடித்தது.

ஐந்தாம் நாள் நடந்தது இது. முதல் ஏஜென்ட் டேட்டாபேஸில் ஒரு புதுக் கட்டம் சேர்த்து, அதை ஓட்டியும் பார்த்தது. இரண்டாவது ஏஜென்ட் தன் வயலில் வேறு வேலையில் இருந்தது. அது டேட்டாபேஸைத் திறந்தபோது, தன் கோப்புகளில் எங்கும் இல்லாத ஒரு கட்டம் அங்கே இருந்தது. 'டேட்டாபேஸ் பழுதாகியிருக்கிறது, சரிசெய்கிறேன்' என்று தீர்மானித்து, மொத்தத்தையும் அழித்துப் புதிதாகக் கட்டியது. மூன்று நாள் உட்கார்ந்து நான் சேர்த்த சோதனைத் தரவுகள் போயின. ஏஜென்டின் விளக்கத்தைப் படித்துப் பார்த்தேன். அதன் இடத்திலிருந்து பார்த்தால் அது செய்தது நியாயம்.

அதே வாரம் பக்கத்து வயல் மாமா யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேல் வயல்காரர் ராத்திரியில் மடையைத் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டார். இவர் வயலில் அன்றைக்கு நட்ட நாற்று மிதந்துவிட்டது. "வரப்பு எத்தன வேணும்னாலும் போடுங்கடே. மடை ஒண்ணுதான? தண்ணி அதுலதான வரணும்?" என்று அவர் கத்தியது என் மாடி வரை கேட்டது. என்னைத்தான் திட்டுகிறார் என்று பட்டது.

வொர்க்ட்ரீ கோப்புகளைத்தான் பிரிக்கும். டேட்டாபேஸ் ஒன்றுதான். 3000 என்ற போர்ட் எண் ஒன்றுதான். முதல் ஏஜென்ட் அதில் சர்வரை ஓட்டினால் இரண்டாவதற்கு இடமில்லை. ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் கோப்பை நாம் கிட்டில் சேர்ப்பதில்லை. அதனால் புது வொர்க்ட்ரீயில் அது இருக்காது, ஏஜென்ட் முழிக்கும். நூலகக் கோப்புகளை ஒவ்வொரு வயலிலும் தனியாக இறக்க வேண்டும். எட்டு வயல் என்றால் எட்டு மடங்கு டிஸ்க். எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்ட நினைவகமும் வேண்டும். தம்பியின் லேப்டாப்பில் இருப்பது 8 ஜி.பி.தான். இரண்டு வயலுக்கே அது மூச்சு முட்டும்.

ஆகவே ஒரு கருவியை எடுத்துப் பார்க்கும்போது என் முதல் கேள்வி இதுதான்: வரப்பு போடுவதோடு நிற்கிறதா, மடையையும் பிரித்துக் கொடுக்கிறதா? கண்டக்டர், கோட் எழுதும் செயலியான கர்சர் இரண்டிலும் புது வொர்க்ட்ரீ பிறந்தவுடன் ஓட வேண்டிய கட்டளைகளை எழுதி வைக்க இடம் இருக்கிறது. சாவிக் கோப்பை நகல் எடு, போர்ட் எண்ணை மாற்று, டேட்டாபேஸுக்குத் தனிப் பெயர் வை என்று அங்கே எழுதிவிடலாம். எழுத வேண்டியவர் நாம்தான், கருவி ஊகிக்காது. இன்னும் கெட்டியான வழி கன்டெய்னர்: ஒரே இயந்திரத்துக்குள் தனியாக அடைத்து ஓட்டும் குட்டிச் சூழல். டேகர் நிறுவனம் 2025-ல் வெளியிட்ட 'கன்டெய்னர் யூஸ்' ஒவ்வொரு ஏஜென்டின் வேலைக்கும் தனிக் கன்டெய்னர் கொடுக்கிறது. வயலுக்கு வயல் தனிக் கிணறு வெட்டிய மாதிரி. செலவும் கிணறு வெட்டிய மாதிரி: நினைவகம் நிறைய வேண்டும்.

கண்டக்டர் என்றால் யார்?

இந்தக் கருவிகளின் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'கண்டக்டர்' என்று பெயர் வைத்த அமெரிக்கர்கள் மனதில் இருந்தவர் கையில் குச்சியோடு வாத்தியக் குழுவை நடத்துகிறவராகத்தான் இருக்க வேண்டும். எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டதும் செங்கோட்டை – தென்காசி டவுன் பஸ்தான் நினைவுக்கு வந்தது. யோசித்துப் பார்த்தால் நம் கண்டக்டர்தான் பொருத்தம். யார் எங்கே ஏறினார், யார் டிக்கெட் எடுக்கவில்லை, யார் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கும். முக்கியமாக, அவர் வாயில் விசில் இருக்கும். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும்.

நான் பார்த்த கருவிகளில் பல, இரண்டு விசில் மட்டும் அடிக்கத் தெரிந்தவை. கிளப்புவது சுலபம், ஒரு பொத்தான், எட்டு ஏஜென்ட். பாதியில் நிறுத்தி, 'அந்தப் பக்கம் போகாதே, இப்படிப் போ' என்று சொல்ல எத்தனை கிளிக்? எந்த ஏஜென்ட் என்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரிகிறதா? ஒன்று 'இந்தக் கட்டளையை ஓட்டலாமா' என்று கேட்டுவிட்டு நாற்பது நிமிடம் சும்மா நின்றதை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். இதில் வைப் கான்பன் எனக்குப் பிடித்தது. வேலைகளைப் பலகையில் ஒட்டிய சீட்டுகளாகக் காட்டும். எது ஓடுகிறது, எது பார்வைக்குக் காத்திருக்கிறது என்பது தெரியும். கிளாட் கோட், கோடெக்ஸ், ஜெமினி என்று யாரை வேண்டுமானாலும் வேலைக்கு அமர்த்தலாம். கண்டக்டர் அழகானது, ஆனால் மேக்கில்தான் ஓடும். எங்கள் வட்டாரத்தில் மேக் வைத்திருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தம்பியின் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே முடிந்தது.

எந்த மாடலோடும் கட்டிப்போடாத கருவியாக இருப்பது நல்லது என்பது என் எண்ணம். இந்த மாதம் ஒரு மாடல் முன்னால் நிற்கும், அடுத்த மாதம் வேறொன்று. மாப்பிள்ளை மாறும்போதெல்லாம் பந்தலைப் பிரித்துக் கட்ட முடியாது.

பெரிய நிறுவனங்களும் சும்மா இல்லை. கர்சர் தன் 2.0 பதிப்பை 2025 அக்டோபரில் வெளியிட்டபோது எட்டு ஏஜென்ட் வரை இணையாக ஓட்டலாம் என்றது. தம்பி கேட்ட அதே எட்டு. அடுத்த மாதம் கூகுள், ஏஜென்ட்களை மேய்க்கவே தனித் திரை வைத்த ஆன்டிகிராவிட்டியை இறக்கியது. 2026 பிப்ரவரியில் ஓப்பன் ஏ.ஐ. மேக்குக்கு ஒரு கோடெக்ஸ் செயலியை விட்டது. அதிலும் உள்ளே வொர்க்ட்ரீதான்.

காற்று அறுத்த கம்பி

சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் யோசிக்க வேண்டாத ஒன்றை நான் யோசித்தாக வேண்டும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மலை வழிவிட்ட இடங்களில் தென்மேற்குக் காற்று உள்ளே பாயும். இந்த மூன்று வாசல்களுக்கு எதிரேதான் தமிழ்நாட்டின் காற்றாலைகள் நிறைய நிற்கின்றன. ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் அதே காற்று ஆனி, ஆடியில் எங்கள் தெருக் கம்பியில் தென்னை மட்டையைத் தூக்கிப் போட்டுவிடும். கரண்ட் போனால் ரூட்டர் போகும். போன் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு தத்தளிக்கும். லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த ஐந்து ஏஜென்ட்களும் வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடும்.

இதற்குப் பதில் மேகம் என்பார்கள். கோடெக்ஸின் கிளவுட் வடிவம், கூகுளின் ஜூல்ஸ், கிட்ஹப் கோபைலட்டின் ஏஜென்ட் எல்லாம் 2025 மே மாதத்தில் பத்து நாளுக்குள் அடுத்தடுத்து வந்தவை. கிளாட் கோடின் இணைய வடிவம் அக்டோபரில் வந்தது. வேலையைச் சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டுப் போகலாம். அவர்கள் இயந்திரத்தில் நம் கோடை இறக்கி, வேலை செய்து, மாற்றத்தைக் கோரிக்கையாக அனுப்பி வைக்கும். பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டு வரும்போது வேலை முடிந்திருக்கும் என்று தம்பி சொன்னான். உண்மைதான், குளித்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் கோட் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது. நம் டேட்டாபேஸ், நம் உள்வலை எதையும் வழக்கமாக அங்கிருந்து ஏஜென்ட் தொட முடியாது. அதனால் சின்னச் சின்னத் தனி வேலைகளுக்குத்தான் அது லாயக்கு.

நான் போய் நின்ற இடம் இரண்டுக்கும் நடுவில். மாத வாடகைக்கு ஒரு லினக்ஸ் சர்வர். அதில் டீமக்ஸ். 2007-ல் வந்த கிழட்டுக் கருவி; பல டெர்மினல்களை ஒன்றுக்குள் அடுக்கி வைக்கும், நாம் துண்டித்துப் போனாலும் உள்ளே ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் வந்ததும் மறுபடி இணைந்தால் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். டீமக்ஸையும் வொர்க்ட்ரீயையும் சேர்த்துக் கட்டிய 'கிளாட் ஸ்க்வாட்' என்ற இலவசக் கருவியும் உண்டு. பார்க்க ஒன்றும் இருக்காது, கறுப்புத் திரையும் எழுத்தும்தான். ஆனால் ஆடிக் காற்றில் அறுந்து போகாது. கிட்டுக்கும் டீமக்ஸுக்கும் இருபது வயது நெருங்கியும் கடந்தும் ஆகிவிட்டது; இந்த வருடம் பிறந்த கருவிகளில் எத்தனை அடுத்த சீசன் பார்க்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளாட், சாட்ஜி.பி.டி. இரண்டிலும் மாதம் 20 டாலர் திட்டம் உண்டு, 200 டாலர் திட்டமும் உண்டு. 200 டாலர் என்பது 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. தென்காசிப் பக்கம் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவனுக்கு அது சம்பளத்தில் கணிசமான பங்கு. 20 டாலர் திட்டத்தில் நான்கு ஏஜென்ட்களை ஓட்டினால் அளவு நான்கு மடங்கு வேகத்தில் தீரும். இதுவும் ஒற்றை மடைதான்: வயல் எத்தனை ஆனாலும் குளத்துத் தண்ணீர் அதே அளவு. 2025 ஆகஸ்ட் 28 முதல் ஆந்த்ரோபிக் வார வரம்பும் வைத்துவிட்டது. தன் பல-ஏஜென்ட் ஆராய்ச்சி அமைப்பு சாதாரண உரையாடலைப்போல் சுமார் 15 மடங்கு டோக்கன் (மாடல் படித்து எழுதும் சொல் துணுக்கு) தின்கிறது என்று அதே நிறுவனமே அந்த ஜூனில் எழுதியிருந்தது.

மூன்றுக்கு மேல் ஏன் இல்லை

இனி எட்டுக்கு வருகிறேன். என் கணக்கு சிறியது. ஒரு வேலைக்கு ஏஜென்ட் 40 நிமிடம் எடுக்கிறது. அதை நான் ஒழுங்காகப் படித்து, ஓட்டிப் பார்த்து, ஏற்றுக்கொள்ள 20 நிமிடம். ஒரு மணி நேரத்தில் நான் பார்க்கக்கூடியது மூன்று வேலை. மூன்று ஏஜென்ட் வைத்தால் நான் சும்மா இருக்கும் நேரம் பூஜ்யமாகிவிடும். நான்காவது வைத்தால் அது என் முன்னால் வரிசையில் நிற்கும். எட்டு வைத்தால் வரிசை எஸ் வளைவு வரை போகும். இதில் மேதைமை ஒன்றும் இல்லை. ஜீன் அம்தால் 1967-லேயே கம்ப்யூட்டர்களுக்குச் சொன்ன கணக்கின் வீட்டு வடிவம். இணையாகச் செய்ய முடியாத பகுதி எதுவோ அதுதான் மொத்த வேகத்துக்கும் எல்லை. இங்கே அந்தப் பகுதி, என் கண்.

வேகம் பற்றிய நம் சொந்த மதிப்பீட்டையும் நம்ப முடியாது. மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் புரோகிராமர்கள், அவர்கள் நன்றாக அறிந்த திட்டங்களில் 246 வேலைகள். அந்த வருடத் தொடக்கத்தில் இருந்த ஏ.ஐ. கருவிகளோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. ஆனால் செய்து முடித்த பிறகும், தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே அவர்கள் நினைத்தார்கள். கருவிகள் அதன்பின் எவ்வளவோ முன்னேறிவிட்டன. அந்த நினைப்பு முன்னேறியதாகத் தெரியவில்லை. என் ஐந்து ஜன்னல் நாளில் நானும் ராக்கெட்டில் போவதாகத்தான் பத்தரை மணிக்கு நினைத்தேன்.

இன்னொரு பிரிவையும் கவனிக்க வேண்டும். வேறு வேறு வேலைகளை வேறு வேறு ஏஜென்டுக்குக் கொடுப்பது ஒன்று. ஒரே வேலையைத் துண்டுபோட்டுப் பங்கிடுவது இன்னொன்று. இரண்டாவது வழி ஆபத்து என்று காக்னிஷன் நிறுவனம் 2025 ஜூனில் வாதிட்டது. துண்டு ஒவ்வொன்றும் தனக்குத்தானே சில முடிவுகளை எடுத்துக்கொள்ளும், சேர்க்கும்போது முட்டும் என்பது வாதம். ஆந்த்ரோபிக்கின் 15 மடங்குக் கட்டுரை அடுத்த நாளே வந்து, ஆராய்ச்சி மாதிரி வேலைகளுக்குப் பல ஏஜென்ட் நன்றாக வேலை செய்கிறது என்றது. இருவரும் சொன்னது சரிதான். நடுவை நடும்போது பத்துப் பேர் வரிசையாக நிற்கலாம். ஒரே அரிவாளைப் பத்துப் பேர் பிடிக்க முடியாது.

இதற்கு நான் படித்த நல்ல சாட்சி 2026 பிப்ரவரியில் வந்தது. ஆந்த்ரோபிக்கின் ஆய்வாளர் நிக்கலஸ் கார்லினி 16 கிளாட் ஏஜென்ட்களை இணையாக விட்டு, சி மொழிக்கு ஒரு கம்பைலர் எழுத வைத்தார். சுமார் 2,000 அமர்வுகள், 20,000 டாலர் செலவு, ஒரு லட்சம் வரி கோட். லினக்ஸ் கர்னலையே அது கட்டியது. இவ்வளவுக்கும் அவர் பயன்படுத்திய 'கருவி' என்ன தெரியுமா? ஒரு சின்ன ஷெல் லூப், கன்டெய்னர்கள், கிட். எந்த ஏஜென்ட் எந்த வேலையை எடுத்திருக்கிறது என்பதற்கு ஒரு ஃபோல்டரில் டெக்ஸ்ட் கோப்பு. பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி. தனித்தனிச் சோதனைகள் நூறு நூறாகத் தோற்றுக்கொண்டிருந்தவரை பதினாறும் பிரமாதமாக ஓடின. லினக்ஸ் கர்னல் என்ற ஒரே பெரிய வேலைக்கு வந்ததும் பதினாறும் ஒரே பிழையில் போய் முட்டி, ஒன்றன் திருத்தத்தை ஒன்று அழித்தன. ஏற்கெனவே இருக்கும் ஜி.சி.சி. கம்பைலரைச் சரிபார்ப்பாளராக நடுவில் வைத்து, கோப்புகளைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் மறுபடி நகர்ந்தன. அவர் உழைப்பின் பெரும்பகுதி போனது சோதனைகளைச் செம்மையாக எழுதுவதில். அதாவது, சாவடியில் தன் கண்ணுக்குப் பதிலாக உட்கார ஓர் இயந்திரத்தைத் தயார் செய்வதில்.

அதனால் கருவியை எடை போடும்போது நான் அதிக நேரம் செலவிடுவது மாற்றங்களைக் காட்டும் திரையில்தான். பழைய வரியும் புது வரியும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறதா? ஒரு வரிமேலேயே 'இது வேண்டாம்' என்று எழுதி ஏஜென்டுக்குத் திருப்பி அனுப்ப முடியுமா? என் கண்ணுக்கு வருவதற்கு முன் சோதனைகள் ஓடித் தேறினவா என்று காட்டுகிறதா? ஒரு கிளையை மூலத்தோடு மெர்ஜ் செய்ததும் மற்றவற்றை அதன்மேல் புதுப்பிக்கச் சொல்கிறதா? இந்த நான்கும் இருந்தால் எட்டு ஓட்டாவிட்டாலும் அது எனக்குப் போதும்.

மெர்ஜ் என்றதும் ஒரு சொந்த ஊர்ப் பெருமை. எங்கள் செங்கோட்டை வட்டாரமே திருவாங்கூர்-கொச்சிக் கிளையிலிருந்து 1956 நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்தோடு மெர்ஜ் ஆனதுதான். அதில் எத்தனை முட்டல் மோதல் என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கேள்வி கேட்காத ஏஜென்ட்

பல ஏஜென்ட் ஓட்டுகிறவனுக்கு வரும் பெரிய சபலம், அனுமதி கேட்பதை நிறுத்திவிடுவது. ஒவ்வொன்றும் 'இதை ஓட்டலாமா, அதை நீக்கலாமா' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எரிச்சல் வரும். கிளாட் கோடில் அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. அதன் பெயரிலேயே 'ஆபத்தான முறையில்' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் ரெப்ளிட்டின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்த நேரத்தில், தொழில்முனைவர் ஜேசன் லெம்கினின் நேரடி டேட்டாபேஸை அழித்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதமே என்.எக்ஸ். என்ற பிரபலமான கருவித் தொகுப்பில் விஷமிகள் புகுந்தார்கள். அந்த விஷக் கோட், கம்ப்யூட்டரில் கிளாட், ஜெமினி மாதிரி ஏஜென்ட் இருந்தால், அதே மாதிரி அனுமதி கேட்காத சுவிட்சைப் போட்டு அதையே ரகசியங்களைத் தேட ஏவியது. வீட்டு நாயை வைத்தே வீட்டைத் துழாவுகிற திருடன்.

சுவிட்சைப் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் போடுகிறேன். கன்டெய்னருக்குள், உண்மையான சாவி எதுவும் இல்லாத இடத்தில், வெளியே போகும் வழியை அடைத்துவிட்டு. அந்த ஏற்பாட்டைக் கருவியே செய்து தருகிறதா என்பதும் தேர்வில் ஒரு பெரிய கேள்வி.

தம்பியின் வயதுக்காரர்களைப் பற்றி எனக்கு வேறொரு கவலை உண்டு. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ 2011-ல் அலுவலகம் திறந்தபோது, மலையடிவாரத்திலிருந்து உலகத்துக்கு சாஃப்ட்வேர் என்பது பலருக்கு வேடிக்கையாகத் தெரிந்தது. இன்று யாரும் சிரிப்பதில்லை. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு இந்தப் பக்கமே குடியேறினார். 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரிப் பொறுப்பை விட்டுத் தலைமை விஞ்ஞானியானார். அந்த ஜூலையில் நிறுவனம் 130 கோடி, 260 கோடி, 700 கோடி அளவுருக்கள் கொண்ட சொந்த ஜியா மொழி மாதிரிகளை வெளியிட்டது. ஆனால் என்னைக் கேட்டால் ஜோஹோ இந்த மண்ணுக்குக் காட்டிய பெரிய விஷயம் அந்தக் கோடிகள் இல்லை, அதன் பள்ளி. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, கல்லூரிப் பட்டம் இல்லாமலே புரோகிராமராக்க முடியும் என்று காட்டியது. கை வேலை செய்து செய்து கண் பழகும் முறை அது. நான் பழகியதும் அப்படித்தான். என் கோடை ஒரு சீனியர் சிவப்பு மையில் கிழித்துக் கிழித்துத்தான் எனக்கு இந்த 20 நிமிடக் கண் வந்தது. இப்போது வேலைக்கு வருகிறவன் முதல் நாளே எட்டு ஏஜென்டுக்கு மேஸ்திரி. எழுதாமல் திருத்தக் கற்றுக்கொள்வது எப்படி? நடுவை நடாதவன் நடவைக் குறை சொல்ல முடியுமா? இதற்குக் கருவிக் கடையில் விடை இல்லை.

தம்பி கடைசியில் என்ன எடுத்தான் என்று சொல்லவில்லையே. அவன் விண்டோஸ் லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டு, டீமக்ஸில் இரண்டு ஜன்னல், இரண்டு வொர்க்ட்ரீ. ஒன்றில் ஏஜென்ட் வேலை செய்யும். மற்றதில் அவனே ஏதாவது ஒன்றைக் கையால் எழுதுவான். அது என் நிபந்தனை. போன வாரம் வந்தவன், "அண்ணாச்சி, இன்னொண்ணு சேத்துக்கிடவா?" என்று கேட்டான்.

"நேத்து ஏஜென்ட் எழுதுனத எல்லாம் பாத்துட்டியா?"

"ஒண்ணு மட்டும் பாக்கி. சோதனை எல்லாம் பாஸ்தான் அண்ணாச்சி, ஆனா ஒரு வரி எனக்குப் புரியல."

"எந்த வரி?" என்றேன். லேப்டாப்பைத் திருப்பி வைத்தான். எனக்கும் புரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.